தொண்டைக்கு ஏற்ற பதம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை காய்ச்சுகிறவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாவும் பிசினும் கலந்த கொப்பரையில் துடுப்பு சுழலும்வரை பசை இளகி ஓடும். துடுப்பை எடுத்தால் மெல்ல இறுகிவிடும். அது வழிகிற விதத்தைப் பார்த்தே அவள் பதம் சொல்வாள்.

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று, தொண்டையும் பாதி போயிற்று. தண்ணீர் குடித்தால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடும்.

"எதையும் கெட்டியாக்கிக் குடுங்கம்மா. தண்ணியா இருந்தா நுரையீரலுக்குள்ள போயிடும்" என்றாள் விழுங்கப் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

முதலில் பசையக்கா சோளமாவைக் காய்ச்சித் தண்ணீரில் கலந்தாள். டம்ளரில் கெட்டியாக இருந்தது, எச்சில் பட்டதும் வாயிலேயே நீர்த்துப்போனது. மறுபடி புரையேறியது. கொத்தவரைப் பிசின் எச்சிலுக்கு மசியவில்லை; ஆனால் நூல்நூலாக இழுத்தது. அவர் துப்பிவிட்டார்.

"என்னையும் பெட்டி மாதிரி ஒட்டி அனுப்பப் போறியா?"

சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள் அங்கே நின்று அழுதாள். அப்புறம் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, இரண்டையும் கலந்து, கரண்டியிலிருந்து ஒரே திரளாக வழுக்கி இறங்கும் பதத்தைப் பிடித்தாள். தேநீர், பால், மாத்திரை கரைத்த நீர் எல்லாமே அந்தப் பதத்தில்தான். புரையேறுவது நின்றது. தாகம் மட்டும் அடங்கவில்லை.

"ஒரு மடக்கு வெறும் தண்ணி குடுடி. கெஞ்சிக் கேக்கறேன்."

"என் கையால உங்களைக் கொல்லச் சொல்றீங்களா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

கோடையில் ஒரு நாள், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போய்க் குழாயில் வாயை வைத்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்த மகள் இருமல் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது சட்டை நனைந்து, இருமியபடி தரையில் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மருத்துவமனைக் கட்டிலில் மூச்சு வாங்க அவளைப் பார்த்து, "ஜில்லுனு இருந்துச்சு" என்றார். வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

"பக்கத்து ரூம்லதாம்மா இருந்தேன். அப்பா எந்திரிச்சுப் போன சத்தமே எனக்குக் கேக்கல" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடுடி. அவர் கேட்டப்பவே நான் ஒரு மடக்கு குடுத்திருக்கணும்."

"குடுத்திருந்தா, நானே கொன்னுட்டேன்னு காலம் பூரா புலம்பியிருப்ப."

இருவருமாக அவருடைய கட்டிலைக் கழற்றி, பலகை பலகையாக வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார்கள்.