பேய் அடித்ததாகச் சொல்லப்பட்ட எழுத்தாளர்

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் கட்டுரைகளைச் சரிபார்ப்பவரை எல்லோரும் ‘ஆதாரம் அக்கா’ என்றே அழைத்தார்கள். ஒருநாள் மறைந்த திகில் கதை எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரை அவர் மேசைக்கு வந்தது. ‘தாம் எழுதிய பேயே அடித்து அந்தப் பெண்மணி இறந்தார்’ என்று அது முடிந்தது. ஆதாரமாகக் காட்டிய பத்திரிகையோ, இதே களஞ்சியத்தின் பழைய பதிப்பைப் பார்த்து எழுதியிருந்தது.

“பேய்க்கதைக்காரிதானே, சுவாரஸ்யமா இருக்கட்டும், விடுங்கக்கா” என்றார் ஆசிரியர்.

“பேயை நீங்க பாத்தீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, அக்கா எழுத்தாளரின் மகளைத் தேடிப் போனார்.

“எங்கப்பாதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம சாகவிட்டாரு. பேய் மேல பழியைப் போட்டுட்டாரு. அதை எழுதுங்கக்கா” என்று மகள் அழுதார்.

கொலைப்பழியைச் சுமக்கப் பேயைவிட வசதியான ஆள் கிடையாது.

“ஆதாரம் இருக்காம்மா?” கேட்கும்போதே அக்காவுக்கு நா கூசியது.

மகள் கொடுத்த மருத்துவமனைச் சீட்டில் அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காய்ச்சல் என்ற குறிப்பும் தேதிகளும் முகவரிகளும் மட்டும் இருந்தன. அக்கா பேய் வரியை அடித்துவிட்டு எழுதினார்:

‘காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அன்றே இறந்தார். மருத்துவமனை, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.’