கற்பூரத் தட்டும் ஸ்டோரேஜ் பெட்டியும்

அண்ணாச்சி ஊரில் இல்லாத நாட்களில்தான் எங்கள் சர்வர் ஒழுங்காக ஓடுகிறது என்பதை அண்ணாச்சியிடமே சொல்லவேண்டிய நிலை எனக்கு வந்தது. ஆடி மாதக் கடைசி வாரம், சனிக்கிழமை. நாள் கிழமையை மறக்காத வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்று அது எந்த உதவியும் செய்யவில்லை.

சென்னையின் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் அவருடைய கம்பிக் கிடங்கு. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேஜைக்கு மேஜை கணினி வைத்திருந்த காலத்தில் இரும்புத் தூசி தின்று அவை மாதாமாதம் செத்தன. அதனால் மேஜையில் திரையையும் ஒரு சின்னப் பெட்டியையும் மட்டும் விட்டுவிட்டு, எல்லாக் கணினிகளையும் மாடியிலிருக்கும் ஒரே சர்வருக்குள் மெய்நிகர் கணினிகளாக மாற்றலாம் என்று யோசனை சொன்னவன் நான். அவற்றின் கோப்புகள் பக்கத்தில் தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் கேபிள்.

சென்னைக்குத் துறைமுகம் கட்டுமுன் கப்பல்கள் கடலிலேயே நின்றுவிடும், சரக்கு மசூலா படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும் என்று பழைய நூல்களில் படித்திருக்கிறேன். கப்பல் எத்தனை பெரியதானாலும் படகுக்குக் காத்திருக்கவேண்டியதுதான். எங்கள் சர்வரும் அப்படித்தான் நின்றது. காலையில் திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வாசலில் லாரிகள் ஹாரன் அடிக்கும்.

பில் போடும் அக்கா ராயபுரத்துக்காரர். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் டிரைவர்களின் வசவெல்லாம் முதலில் அவருக்குத்தான் விழும். அதை அவர் வட்டி சேர்த்து எனக்கு அனுப்பிவைப்பார்.

“இன்னாபா உன் மிசினு? பூசாரி மாதிரி சுத்திகினே கீது, அருளே வர மாட்டேங்குது!”

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்டோரேஜுக்கென்று தனி சுவிட்ச் போட்டேன். கேமராப் பதிவுகளை அந்த வழியிலிருந்து விரட்டினேன். ஒரு தடவைக்கு அதிகத் தகவலை ஏற்றிச் செல்லும்படி பாக்கெட் அளவைப் பெரிதாக்கினேன், அதாவது படகைப் பெரிதாக்கினேன். மத்தியானத்தில் எல்லாம் பறந்தது. மறுநாள் காலையில் பழையபடி வட்டம்.

அண்ணாச்சி பொறுமையிழந்தார். “தம்பி, ஆவணி பொறக்கட்டும். மொத திங்கக்கெழம பில்லுக்காக ஒரு லாரி நின்னாலும், ஒன் சர்வரத் தூக்கி எடைமேடையில வச்சிருவேன். பழைய இரும்பு என்ன வெலைக்குப் போகும்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப நான், அண்ணாச்சி?”

“நீ இரும்பா? ஒன்னய எவன் எடுப்பான்!”

சர்வர் போனால் நானும் போகவேண்டும் என்பதை இதைவிட மரியாதையாக அவரால் சொல்ல முடியாது.

அந்த வாரம்தான் அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனார். முதலாளி இல்லாத கிடங்குக்கு ஆட்கள் எப்படி வருவார்களோ அப்படி வந்தார்கள். ஒருவர் டீ குடித்துவிட்டு, ஒருவர் வண்ணாரப்பேட்டையில் மகளுக்குப் பாவாடை எடுத்துவிட்டு. அவரவர் வந்த நேரத்துக்கு அவரவர் பெட்டியைப் போட்டார்கள். பில்கள் மழையாகக் கொட்டின. “இன்னாபா, மந்திரிச்சியா?” என்றார் அக்கா.

மந்திரம் இல்லை. மந்திரம் இல்லாததுதான் காரணம். அண்ணாச்சி இருக்கும் நாட்களில் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டாமல் ஒரு பெட்டியையும் தொடக்கூடாது. சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். காலையில் மணி அடித்து, கற்பூரம் காட்டி, அவர் “ம்” என்றதும் கிடங்கு முழுக்க ஒரே நொடியில் பட்டனை அமுக்கும். அத்தனை மெய்நிகர் கணினிகளும் ஒன்றாகக் கண்விழித்து, ஒரே ஸ்டோரேஜ் பெட்டியிடம் தங்கள் கோப்புகளைக் கேட்டு ஒரே நேரத்தில் கத்தும். அது யாருக்கென்று கொடுக்கும்?

இதைத்தான் அவர் ஊரிலிருந்து திரும்பி வந்த அந்தச் சனிக்கிழமை சொன்னேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாமி கும்பிடாம மிசின ஓட்டச் சொல்லுதியா?”

“இல்லை அண்ணாச்சி. எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்றேன்.”

“நல்ல நேரம் ஒண்ணுதானவே இருக்கு! ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்கு இல்லைன்னா?”

இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன். “நீங்க கற்பூரத்தைப் படத்துக்கு மட்டும்தானே காட்டுறீங்க? சோறு போடுற மிசினுக்கு யார் காட்டுறது? தட்டை எடுத்துக்கிட்டு மேஜை மேஜையா வாங்க. எந்த மேஜைக்கு வெளிச்சம் வருதோ அந்தப் பெட்டியை மட்டும் போடட்டும்.”

அண்ணாச்சி கற்பூர டப்பாவைத் திறந்து பார்த்தார். பிறகு, “கற்பூரம் கூடுதலா வாங்கணும்,” என்றார்.

ஆவணி முதல் திங்கள். வாசலில் லாரிகள். அண்ணாச்சி தட்டோடு புறப்பட்டார். நான் பின்னாலேயே நடந்தேன், பக்தியால் அல்ல, அவர் வேகத்தைக் குறைக்க. “மெதுவா அண்ணாச்சி, மெதுவா.” ஒவ்வொரு மேஜையிலும் சுடர் நின்றது, பெட்டி விழித்தது, பிறகு அடுத்தது. அக்காவின் முறை வந்தபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினார். வட்டம் ஒரே ஒரு தடவை சோம்பலாகச் சுற்றியது. திரை திறந்தது. பிரிண்டர் கரகரவென்று முதல் பில்லைத் துப்பியது.

அண்ணாச்சி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேராகப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். சர்வரும் நானும் பிழைத்தோம் என்று எனக்குப் புரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே நின்ற டிரைவருக்குத்தான் புரியவில்லை.

“யோவ் நைனா! சாமியா லாரி ஓட்டப்போவுது? பில்ல இங்க குடுய்யா!”