திகாம் பத்து மண்டபத்தில் ஒரு பாஸ்வேர்டு

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திகாம் பத்து என்ற சிற்றூரின் மாதா கோயில் மண்டபத்தில், பூட்டுகள் எப்படியெல்லாம் திறந்துகொள்ளும் என்று ஊருக்குச் சொல்ல நானும் டீவி அண்ணனும் ஒரு கூட்டம் போட்டோம். இன்று இதைப் பெரிய ஓட்டல்களில் மாநாடாக நடத்துகிறார்கள், கழுத்தில் அட்டை தொங்கவிடுகிறார்கள். எங்களிடம் இருந்தவை கொஞ்சம் மடக்கு நாற்காலிகளும் ஒரு வாளி சிரப் தண்ணீரும்தான். ஹேக்கர் என்ற சொல்லை ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்திருந்தோம். அதை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே எங்களுக்குள் சண்டை. அந்த நாளை நினைத்தால் முதலில் பெருமை வருகிறது, பின்னாலேயே வெட்கமும் வந்துவிடுகிறது.

அண்ணன் என் கூடப் பிறந்தவர் அல்ல. புக்கிட் செலம்பாவில் டீவி, ரேடியோ ரிப்பேர் செய்பவர். நான் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் தட்டுபவள். எங்கள் வீட்டு டீவியைப் பார்க்க வந்தவர், மேசைமேல் கிடந்த கம்ப்யூட்டர் புத்தகத்தைக் கண்டதும் டீவியை மறந்துபோனார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி.

அவருடைய தம்பி சில வருடங்களுக்கு முன் குருண் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். எங்கள் பக்கத்தில் சாலையில் யாராவது செத்தால், சாயங்காலத்துக்குள் அந்த வண்டியின் நம்பரை லாட்டரியில் எடுத்துவிடுவார்கள். தம்பியின் நம்பரையும் எடுத்தார்கள். அந்த வாரமே அதற்குப் பரிசு அடித்தது. இழவு வீட்டில் அழுகை ஓயவில்லை, அடுத்த லயத்து வீடுகளில் கோழி வெட்டினார்கள். அதற்குப் பிறகு அண்ணன் எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் குடிப்பார். "நீங்க வேதக்காரவங்க, நம்பர் எடுக்க மாட்டீங்க" என்பார். அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். ஏனென்றால் தம்பி இறந்த சமயத்தில் நாங்கள் பாடாங் மேஹா தோட்டத்தில் இருந்தோம், அப்பாவும் அந்த நம்பரை எடுத்திருந்தார். எனக்கு அது தெரியும். அண்ணனுக்கு என்றைக்கும் தெரியக்கூடாது என்று நான் வேண்டாத நாளில்லை.

கூட்டத்துக்கு இடம் கேட்டுப் போனபோது ஃபாதர் மூன்று தடவை கேட்டார், "திருடச் சொல்லிக்குடுக்க மாட்டீங்கதானே?" மூன்று தடவையும் அண்ணன்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஃபாதர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மார்ச் மாதம் என்று நினைக்கிறேன். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரங்கள் இலை உதிர்க்கும் சமயம். காற்று வீசும்போதெல்லாம் காய்ந்த இலைகள் மண்டபத்துக்குள் வந்து நாற்காலிகளுக்கு அடியில் சரசரவென்று ஓடின. பூசை முடிந்து அப்படியே வந்தவர்கள், மோட்டாரில் வந்த தொழிற்சாலைப் பெண்கள், இரண்டு வாத்தியார்கள், மின்விசிறிக்குக் கீழே தூங்குவதற்காகவே வந்த ஒருவர். மண்டபத்தில் மெழுகுவர்த்தி வாசனை இருந்தது. அண்ணன் ஒரு கம்பியால் மாங்காய்ப் பூட்டைத் திறந்து காட்டினார். டெலிபோன் வேலை பார்க்கும் ஒருவர், பக்கத்து வீட்டுப் பேச்சு நம் கம்பியில் எப்படிக் கேட்கிறது என்று சொன்னார். வெளிச்சம் ஜன்னல் வழியாக மெல்ல நகர்ந்துகொண்டே வந்தது. நேரம் போகிறது என்றே தோன்றவில்லை. அந்த மத்தியானம் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு என் முறை. மேடை ஏறினேன். "நம்ம ஆளுங்க வைக்கிற பாஸ்வேர்டு நாலே நாலுதான். சாமி பேரு, புள்ள பேரு, பொண்டாட்டி பேரு, மோட்டார் நம்பரு" என்றேன். மண்டபம் சிரித்தது. சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது.

அண்ணன் எழுந்து நின்றார். பினாங்கில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய தன் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்திருந்தார். "என் பொட்டியத் தொறங்க லா, பாப்போம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அதைத் திறக்க யாராலும் முடியாது என்று எனக்கே பல தடவை சவால் விட்டிருந்தார்.

முருகன் பெயரை அடித்தேன். திறக்கவில்லை. மனைவி பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர்கள், கடைப் பெயர். பின்வரிசையில் யாரோ, "அக்கா, சிரப் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று கத்தினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்போது திறக்காவிட்டால் மானம் போய்விடும் என்பதைத் தவிர மனத்தில் வேறெதுவும் இல்லை. விரல்கள் தாமாகவே போயின. ஓர் எழுத்து, நான்கு எண்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடின. எல்லோரும் கைதட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக் கைதட்டினார். நான் என்ன அடித்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனைப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார், ஆனால் கைகளில் சத்தம் இல்லை.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கினோம். கடைசி நாற்காலியை அவர் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"பேர்லாம் தெரிஞ்சது சரி. தம்பி மோட்டார் நம்பரு எப்படித் தெரியும், தங்கச்சி?"

பேப்பரில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன்.

"எடுத்தவங்களுக்குத்தான் அந்த நம்பரு ஞாபகம் இருக்கும்" என்றார்.

"அப்பா எடுத்தாருண்ணே" என்றேன். "அடிச்சிச்சு. எங்க வீட்டு ஐஸ்பெட்டி அதுல வாங்குனதுதான்."

"எனக்கு ஐஸ் தண்ணி அதுலேர்ந்துதான் எடுத்துக் குடுத்தீங்களா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நாற்காலியை மறுபடி விரித்து உட்கார்ந்தார். வெளியே யாரோ மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் சாலையில் கரையும் வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவன் நம்பர ஊர்ல எல்லாரும் பணத்துக்காகச் சொன்னாங்க. நான் ஒருத்தன்தான் தினம் காலைல அவனுக்காக அத அடிப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. மாத்தணும்ல? நீங்கதானே மேடைல சொன்னீங்க?"

வேண்டாம் என்று சொல்ல என் மனம் துடித்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"மாத்தணும்ணே."

அவர் கம்ப்யூட்டரைப் போட்டார். நான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். மேடையிலேயே இப்படி ஒருமுறை திரும்பி நின்றிருந்தால் போதுமே என்று அழுகை வந்தது. பின்னால் அண்ணன் ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. நடுவே நிறுத்தினார், வெகுநேரம் யோசித்தார், மறுபடி தட்டினார். எத்தனை தட்டு என்று எண்ணிவிடக் கூடாதென்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.