சத்தமே வரல, ஆள் அனுப்புங்க

வாடகைக்குச் சாமான் விடுகிற உங்களுக்கெல்லாம், சாமான் ரிப்பேரானால்தான் போன் வரும். எனக்கு, சாமான் ஒழுங்காக ஓடினால் போன் வருகிறது.

காது

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சுற்று ஊர்களிலும் பதினெட்டு வருஷம் டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டேன். இடது காது போய்விட்டது. சத்தத்தை விட்டு விலகாவிட்டால் வலதும் போகும் என்றார் டாக்டர். ஜெனரேட்டரை விற்று நாலு பவர் பாக்ஸ் வாங்கினேன். சூட்கேஸ் அளவுப் பெட்டி, உள்ளே பேட்டரி. சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தால் லைட், ஃபேன், மைக்செட் எல்லாம் ஓடும். புகை கிடையாது, சத்தம் கிடையாது.

என் மனைவி செல்விக்கு நம்பிக்கையும் கிடையாது. “இந்த மழை முடியறதுக்குள்ள ஒரு நாளாவது நாலு பெட்டியும் வெளிய போகணும். இல்லன்னா ஜெனரேட்டரையே திரும்ப வாங்குங்க. காது போனா போகட்டும், நான் கையக் காட்டிப் பேசிக்கிறேன்.”

பட்டன்

பவர் பிளான்ட்டில் டர்பைன் பார்த்து ரிடையரான கோவிந்தராஜ் சார் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. பெட்டியை வைத்துவிட்டு வந்த அரை மணியில் போன்: “சத்தமே வரல, ஆள் அனுப்புங்க.” ஆள் நான்தான். போனேன். சார் பெட்டி மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். பிளான்ட்டில் பேரிங் சத்தம் பார்க்கிற வழக்கம். ஒன்றும் கேட்கவில்லை என்றதும், ஸ்டார்ட் செய்கிறேன் என்று பட்டனை அமுக்கினார். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது நின்றது. ஹாலில் ஃபேன் போச்சு, பாட்டும் போச்சு. “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்றார்.

மறுபடி போட்டேன், மறுபடி அமுக்கினார். மூன்று தடவை. போதாததற்கு ஷிப்ட் வழக்கப்படி மணிக்கொரு தரம் ஒரு தாளில் குறிப்பு வேறு. “பத்து மணி: சத்தம் இல்லை. பதினோரு மணி: சத்தம் இல்லை.” அடக் கடவுளே, ஓடுதுன்னும் ஒரு வரி எழுதுங்க சார் என்று கெஞ்சினேன். “முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல, சத்தம் போடாத மெஷினை ஓடுதுன்னு நான் எழுதுனதே இல்ல தம்பி.”

டிராக்டர்

கம்மாபுரம் பக்கம் ஒரு காதுகுத்து. சீரியல் செட் ஜொலிக்கிறது, மைக் பேசுகிறது. வீட்டுக்காரர் முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து பந்தலை ஒட்டி நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி அப்படியே விட்டார்கள். அதிலிருந்து ஒரு ஒயர்கூட எங்கும் போகவில்லை. என் வலது காதைப் பொத்திக்கொண்டு, எதுக்குங்க இது என்று கத்தினேன். “சத்தம் இல்லன்னா, இவன் ஜெனரேட்டர்கூட வைக்கலன்னு பங்காளிங்க பேசுவாங்க. உங்க பெட்டி பாட்டுக்கு ஓடட்டுங்க, இது பாட்டுக்கு கத்தட்டும்.”

ஆமென்

மழை முடியப் போகிற நேரம். வடலூர் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் கருகி நாலு நாளாகக் கரண்ட் இல்லை. காலையிலேயே மூன்று பெட்டி போய்விட்டது. செல்வி சொன்ன அந்த நாலாவதையும் கேட்டது, அதே ஊர் செசிலி அக்கா. அவர் வீட்டுக்காரர் மைன்ஸில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, குரலும் சன்னமாகிவிட்டது. படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தைக்கும் ஃபேனுக்கும் கரண்ட் வேண்டும். மூன்று நாளாக யாரோ கொடுத்த ஜெனரேட்டர் ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையிலேயே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன், நான் விற்றதுதான்.

பெட்டியை மாட்டிவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தினேன். வீடு அமைதியானது. கட்டிலிலிருந்து அவர் ஏதோ சொன்னார். அக்கா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். டம்ளரில் ஸ்பூன் கலக்குகிற சத்தம் என் வலது காதில் தெளிவாக விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தார். “மூணு நாளா வாய் அசையறதப் பாத்து, ஜெபம் பண்றாருன்னு ஆமென் ஆமென்னு சொல்லிக்கினு இருந்தேங்க. பாவம் மனுஷன், காபியில சக்கரை பத்தலன்னு சொல்லிக்கினு இருந்திருக்காரு.”

ஆக, மிச்சமிருக்கிற ஒரு காதைக் காப்பாற்றச் சத்தமில்லாத பெட்டி வாங்கியவன், ‘ஓடுதுங்க, ஓடுது, பட்டனைத் தொடாதீங்க’ என்று நாள் முழுக்க நானே கத்திக்கொண்டிருக்கிறேன்.