ஆகிப் பாய் மாற்றிக்கொண்ட டெஸ்க்டாப்

ஆகிப் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். குவைத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பி, பெரம்பலூரில் சர்வீஸ் கடை போட்டார். கம்ப்யூட்டரை ஓட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டாத லினக்ஸ் மேல் அவருக்கு அப்படியொரு பித்து. பழைய லேப்டாப் எது வந்தாலும் அதைப் போட்டுவிடுவார். உடையவரைக் கேட்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

எனக்குக் கண் தெரியாது. குரும்பலூரில் வீட்டிலிருந்தபடியே, திருச்சி வக்கீல் ஆபீஸ் ஒன்று அனுப்பும் பேச்சுப் பதிவுகளைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிறேன். அதுதான் பிழைப்பு. அடித்ததை லேப்டாப் எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டும். அந்தக் குரலை அதில் ஏற்றித் தந்தவர் ஆகிப் பாய். அதற்கு முன் யார் தயவில் சாப்பிட்டேன் என்று சொன்னால் என் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்; அது வேண்டாம்.

போன ஆடியில் வக்கீல் ஆபீஸ் புது சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்தது. திங்கட்கிழமை முதல் அதில்தான் வேலை, முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். என் பழைய லினக்ஸில் அது ஏறவில்லை. ஆகிப் பாய் புதிய லினக்ஸ் போட்டார். கூடவே தனக்கு உயிரான டெஸ்க்டாப்பையும் போட்டுவிட்டு, "பாக்க அவ்ளோ அழகா இருக்கும் சார்" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து புது சாஃப்ட்வேரைத் திறந்தேன். குரல் நின்றுவிட்டது. மற்றதையெல்லாம் வாசிக்கிற லேப்டாப், அதற்குள் போனதும் ஊமையாகிவிட்டது. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க டெஸ்க்டாப் என்னங்க சார்?"

"டெஸ்க்டாப் இல்லம்மா, லேப்டாப்பு."

"சரிங்க சார். அதுல டெஸ்க்டாப் என்ன?"

"அவ்ளோ பெரிய பொட்டிய வைக்க வூட்ல எடம் ஏதும்மா? லேப்டாப்புன்னு சொல்றேன்ல."

அவள் விடவில்லை. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஆகிப் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். லினக்ஸ் என்பது உள்ளே ஓடுவது. மெனு, ஜன்னல் என்று மேலே தெரியும் முகப்புக்குத்தான் டெஸ்க்டாப் என்று பெயராம். அதை ஆளாளுக்குத் தங்கள் இஷ்டப்படி செய்து வைத்திருக்கிறார்களாம். "எத்தனையத்தான் சோதிச்சுப் பாப்பாங்க சார்? ஒண்ணு ரெண்டுலதான் ஓட்டிப் பாப்பாங்க. மத்ததுல ஒடஞ்சா, சாஃப்ட்வேர்க்காரன் டெஸ்க்டாப்காரனக் கை காட்டுவான், அவன் இவனக் காட்டுவான்." சற்று நிறுத்தி, "என் ஆசைக்கு ஒங்க வேலையில வெளையாடிட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு என் வீட்டுக்கே வந்தார். தன் செல்ல டெஸ்க்டாப்பைக் கழற்றி எறிந்து, அந்தக் கம்பெனி சோதித்துப் பார்க்கும் ஒன்றைப் போட்டார். மெனு அலங்காரமெல்லாம் எனக்கெதற்கு? சாஃப்ட்வேரைத் திறந்தேன். வாசித்தது. அடுத்த நாள் மற்றவர்களைப் போலவே நானும் வேலைக்கு உட்கார்ந்தேன். அன்று சாப்பிட்ட சோற்றின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

ஐப்பசியில் அந்த டெஸ்க்டாப்புக்கு ஒரு அப்டேட் வந்தது. தொடவே பயமாக இருந்தது. ஆகிப் பாய்க்கு போன் செய்தேன்.

"இப்ப போடாதீங்க சார். நேத்தே என்னோடதுல போட்டுப் பாத்தேன். குரல் நின்னுபோச்சு. அந்த டெஸ்க்டாப்பச் செய்றவங்களுக்கு எழுதியிருக்கேன். இன்ஷா அல்லாஹ் சரி பண்ணிருவாங்க. நான் சொன்னப்புறம் போடுங்க."

"ஒங்களோடது வேற டெஸ்க்டாப்பாச்சே பாய்?"

"மாத்திட்டேன் சார், அந்த ஞாயித்துக்கெழமையே. தெனம் கொஞ்ச நேரம் ஸ்க்ரீன அணைச்சுட்டு, காதால கேட்டே வேல பாக்குறேன்."

"ஏன் பாய்? ஒங்களுக்கு உயிராச்சே அது?"

"ஒடையுறதுன்னா மொதல்ல எனக்கு ஒடையட்டும் சார்."