வீட்டில் ஜேர்மன்காரர் இருக்கிறார்களா?

எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா, தான் குடும்பத்தோடு லண்டனுக்குப் போகப்போவதாகச் சொன்னார். கொலோனில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தவர் அவர். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு பலரும் அப்போது இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளையளுக்கு இங்கிலீஷ் வேணுமெல்லே. டொய்ச்சை வைச்சுக்கொண்டு உலகத்திலை என்ன செய்யிறது?" என்றார்.

அவருடைய பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நின்று அந்த டொய்ச்சிலேயே, ஜேர்மன் மொழியில், சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தேன். கணவர் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் சிஃப்ட் வேலை. மகனுக்கு நாலு வயது. அவனுடைய கிண்டர்கார்டன் மதியத்தோடு முடிந்துவிடும். மகளுக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் இடம் கேட்டுப் போனால், நகரசபையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை ஒரு தாய் வீட்டில்தான் இருப்பாள் என்று இந்த நாடே நம்பியிருந்த காலம் அது. வேலைக்குப் போகும் தாய்க்கு ஏதோ குடும்பப் பிரச்சினை இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

ஓபேர் எடுக்கச் சொல்லி எனக்கு யோசனை தந்தவர் எங்கள் இல்லத்தின் தலைமைத் தாதி. வெளிநாட்டிலிருந்து ஒரு இளம்பெண் ஒரு வருடத்துக்கு வந்து குடும்பத்தோடு தங்குவாள், பிள்ளைகளைப் பார்ப்பாள். பதிலுக்கு நாங்கள் அறையும் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சக் காசும் கொடுக்கவேண்டும். அவள் மொழியைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்புவாள். இதற்கென்றே முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னார்.

இதைக் கேட்டதும் கணவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஊரிலை இருக்கிற என்ரை அக்காவின்ரை மகளைக் கூப்பிடலாம். நேர் வழியாலை, விசாவோடை, பிளேனிலை வந்து இறங்குவாள். எங்கடை ஆக்களிலை ஆர் இப்பிடி வந்தது?"

எனக்கும் அது பிடித்திருந்தது. காடும் பனியுமாக எல்லை கடந்து வந்த எங்களுக்கு, ஒருத்தியை முறைப்படி அழைக்கப் போகிறோம் என்ற நினைப்பே ஒரு பெருமையாக இருந்தது.

முதலில் இணையத்தில் கிடைத்த ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓபேர் விஷயமாகக் கதைக்கவேண்டும் என்றேன். மறுமுனையில் இருந்த ஆண் மிகவும் மரியாதையாக என் வயதைக் கேட்டார். சொன்னேன். வருத்தமாக இருக்கிறது, இருபத்துநான்கு வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார். நான் வேலைக்கு வரக் கேட்கவில்லை, எனக்கு ஒரு பெண் வேண்டும் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் முதலாளியம்மாவை நேரே பேசச் சொல்லுங்கள்" என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்த மனிதரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. என் உச்சரிப்பைக் கேட்டதும் அவருடைய மனக்கண்ணில் ஒரு வீடு வந்திருக்கும். அதில் எனக்கு அவர் ஒதுக்கிய இடம் சமையலறை.

இரண்டாவது நிறுவனத்துக்கு ரெர்மின் எடுத்து, சந்திக்க நேரம் குறித்துக்கொண்டு, இருவரும் நேரில் போனோம். நகர நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி எங்களுக்குக் கோப்பி தந்து, பெண்களின் கோப்புகளை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் சிரித்த முகம், பக்கத்தில் விபரம்: நீந்தத் தெரியும், கார் ஓட்டத் தெரியும், புகைப்பதில்லை, நாய்க்குப் பயமில்லை. கல்யாணத் தரகர் கொண்டுவரும் கட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. சாதகக் குறிப்பு மட்டும்தான் இல்லை.

கணவர் தன் அக்காவின் மகளைப் பற்றிச் சொன்னார். பெண்மணி கோப்பிக் குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

"அது முடியாது. உங்கள் தாய்மொழி பேசும் பெண்ணை நீங்கள் எடுக்க முடியாது. அவள் வருவது ஜேர்மன் படிக்க."

"ஆனால் ஒரே மொழி என்றால்தானே பிள்ளைகளோடு பேச முடியும்?" என்று கணவர் கேட்டார்.

"இந்தத் திட்டம் பிள்ளைகளுக்கானது அல்ல" என்றார் அவர். "வீட்டில் நீங்கள் என்ன மொழி பேசுகிறீர்கள்?"

கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். "தமிழ்" என்றார்.

பெண்மணி கோப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். அடுக்கி முடிந்ததும், ஒரே ஒரு கோப்பை மட்டும் எங்கள் பக்கம் தள்ளினார். அந்தப் பெண்ணை நெடுநாளாக எந்தக் குடும்பமும் எடுக்கவில்லையாம். அவளுக்கு எதிர்பார்ப்பும் அதிகமில்லையாம். "உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்று அன்போடு சொன்னார்.

டிராமில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் கணவர் சாவியைத் தேடிக்கொண்டே, "அகதி அசூல் விசாரணையிலை நான் உண்மையா யாழ்ப்பாணத்தானோ எண்டு கேட்டவங்கள். ஓம் எண்டு நிரூபிச்சன். இப்ப நான் டொய்ச்காரனோ எண்டு கேக்கிறாங்கள்" என்றார். பிறகு உள்ளே போய்த் தேநீர் வைத்தார்.

மூன்றாவது முகவர் ஒரு தனி ஆள். கொலோனுக்கு வெளியே சிறிய ஊரில், தன் வீட்டு வரவேற்பறையிலிருந்தே நிறுவனத்தை நடத்தினார். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியை. தொலைபேசியில் அவர் என் வயதைக் கேட்கவில்லை. "வீட்டைப் பார்க்க வருகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் வரும் நாளுக்குக் கணவர் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அன்றைக்கு எவரும் தமிழ் பேசக்கூடாது. நான் சுவரில் இருந்த சாமிப் படத்தை எடுக்கவில்லை; ஆனால் பக்கத்தில் ரைன் நதிப் படம் போட்ட நாட்காட்டியைத் தொங்கவிட்டேன். ஆப்பிள் கேக் செய்தேன். காலையிலிருந்து நானும் கணவரும் ஒருவரோடொருவர் ஜேர்மனில் பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு மரியாதையாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. வேலைத்தலத்து ஜேர்மன்தான் இருவருக்கும் தெரியும் என்பதால், அவர் என்னைச் சக தொழிலாளியைப் போலவும் நான் அவரை நோயாளியைப் போலவும் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

அம்மையார் வந்தார். கேக் சாப்பிட்டார். மகனைப் பக்கத்தில் இருத்தி, "அப்பாவோடு என்ன மொழி பேசுவாய்?" என்று கேட்டார்.

"டொய்ச்" என்றான் மகன். பிறகு நேர்மையாக, "இன்றைக்கு" என்றும் சேர்த்துக்கொண்டான்.

கணவர் நாட்காட்டியைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன். அம்மையார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நான் போகும் நாளில் எல்லாக் குடும்பங்களும் நடிக்கின்றன. மற்ற வீடுகளில் கணவனும் மனைவியும் ஒற்றுமையாக இருப்பதுபோல் நடிப்பார்கள். நீங்கள் மொழியை மட்டும்தானே நடித்தீர்கள்" என்றார்.

பிறகு பெண்ணுக்கு நாங்கள் ஒதுக்கிய அறையைப் பார்த்தார். ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். கதவைத் திறந்து மூடி, "இதற்குச் சாவி எங்கே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் சாவி இல்லை. ஒன்று செய்விக்கச் சொன்னார். பெண் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவாளா, சுகமில்லாமல் வந்தால் யார் வைத்தியரிடம் கூட்டிப்போவது என்றெல்லாம் கேட்டார். முதல் இரண்டு இடங்களும் எங்களைப் பற்றியே கேட்டிருந்தன. வரப்போகும் பெண்ணைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அன்றே நாங்கள் கையெழுத்து வைத்தோம்.

போகும்போது அவர் ஒன்று சொன்னார். "நீங்கள் பெண்ணைத் தெரிவுசெய்யப்போவதாக நினைக்கிறீர்கள். அவர்கள்தான் உங்களைத் தெரிவுசெய்வார்கள்."

அது உண்மையாயிற்று. எங்கள் குடும்பப் படத்தைப் பார்த்த இரண்டு பெண்கள் பதிலே போடவில்லை. மூன்றாவது ஒருத்தி தொலைபேசியில் நேரடியாகவே கேட்டாள்.

"வீட்டில் ஜேர்மன்காரர் இருக்கிறார்களா?"

"எங்கள் எல்லாருக்கும் ஜேர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது" என்றேன்.

"இல்லை, நான் கேட்டது ஜேர்மன்காரர்."

எனக்கு விளங்கியது. அவளுக்கு நல்ல வாழ்த்துகள் சொன்னேன்.

கடைசியில் ஜோர்ஜியா நாட்டிலிருந்து ஒருத்தி சம்மதித்தாள். பத்தொன்பது வயது. தொலைபேசியில் அவள் வழியாக அவளுடைய தாய் ஒரேயொரு கேள்வி கேட்டார். வீட்டு ஆண் குடிப்பாரா? இல்லை என்றதும் அந்தத் தாய் பின்னால் ஏதோ சொல்வது எனக்குக் கேட்டது. மொழி தெரியாவிட்டாலும், அந்தப் பெருமூச்சு எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் அம்மாமாரும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்.

அவள் வந்தாள். ஒல்லியான, அமைதியான பிள்ளை. பாடப்புத்தகத்தில் ஜேர்மன் படித்திருந்ததால் இலக்கணம் எங்களைவிடச் சுத்தம். கணவர் ஒரு வசனம் சொன்னால், அவள் மிகவும் பணிவாக அதில் வரும் சொற்களின் ஆண்பால் பெண்பாலைத் திருத்துவாள். மகள் அவளை விட்டு இறங்கவே மாட்டாள். புட்டும் சம்பலும் முதல் நாள் தயங்கித் தின்ற அந்தப் பெண், அடுத்த கிழமை இரண்டாம் தரம் கேட்டாள். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் நம்பினேன்.

ஒருநாள் அவள் மொழி வகுப்பிலிருந்து முகம் சிவக்க வந்தாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்ததும் ஆசிரியர் சிரித்துவிட்டாராம். "நீ கொலோன் கிழவி மாதிரிப் பேசுகிறாய், யாரிடம் பழகினாய்?" என்று கேட்டாராம். அதற்குக் காரணம் நான்தான். நான் ஜேர்மன் பழகியது முதியோர் இல்லத்துக் கட்டில்களின் ஓரத்தில். எண்பது வயதுக்காரிகள் பேசிய ஊர்ப்பேச்சுத்தான் என் வாயில் இருந்தது. அதை நான் அவளுக்கு அப்படியே கொடுத்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் அவளோடு தமிழும் ஜேர்மனும் கலந்து பேச, அவள் "வா", "போ", "ஏலாது" எல்லாம் பழகியிருந்தாள்.

அடுத்த வாரம் அம்மையார் தொலைபேசி எடுத்தார். குரல் தணிந்திருந்தது. பெண் வேறு குடும்பத்துக்கு மாறக் கேட்கிறாளாம். எங்களில் ஒரு குறையும் சொல்லவில்லையாம். ஜேர்மனியைப் பார்க்க வந்ததாகவும், இன்னும் பார்க்கவில்லை என்றும் சொன்னாளாம்.

எனக்கு அழுகை வந்தது. "என்ன குறை வைச்சனாங்கள் அவளுக்கு?" என்று கணவரிடம் கேட்டேன்.

"குறை ஒண்டும் இல்லை. பாரிஸ் எண்டு சொல்லித்தானே என்னையும் எல்லை கடத்தின ஏஜென்சிக்காரன் ஏத்தினவன். இஞ்சை இறங்கின உடனை நானும் அழுதனான்" என்றார் அவர். "விடும். போகட்டும்."

போகிற அன்று அவளும் அழுதாள். கேக் ஒன்று சுட்டுக் கொடுத்து ரயிலேற்றிவிட்டேன்.

அவள் போனது ஹனோவருக்கு. கணவனும் மனைவியும் வைத்தியர்கள், தோட்டம் வைத்த வீடு. ஒரு மாதம் கழிந்திருக்கும், என்னை அழைத்தாள். சுகம் விசாரித்தேன். நல்ல மனிதர்கள் என்றாள். அறை பெரிது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"இங்கே என்னோடு யாரும் ஜேர்மன் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு இப்போதே ஆங்கிலம் பழக்கவேண்டுமாம். நான் அவர்களோடு ஆங்கிலம் மட்டும்தான் பேசவேண்டுமாம்."

நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஞாயிறு மாலைகளில் அவள் எடுப்பாள். நாங்கள் நெடுநேரம் ஜேர்மனில் பேசுவோம். அவள் என் இலக்கணத்தைத் திருத்துவாள். நான் இல்லத்துக் கிழவிகளின் புதினங்களைச் சொல்வேன்.

இங்கே எங்களுக்குத்தான் ஆள் இல்லை. புதுப் பெண்ணுக்கு விசா வர மாதக்கணக்காகும். நான் வேலையை விடுவதாக அம்மையாரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அவசரப்படாதீர்கள். அதுவரைக்கும் நான் வருகிறேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை, பையில் வீட்டுச் செருப்போடு, ரயிலில் வந்து இறங்கினார். என் காலை வேலை நாட்களிலெல்லாம் அப்படி வந்தார். தனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை என்றும், மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்றும் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மகளைத் தூங்கவைப்பார், மகனுக்குச் சப்பாத்துக் கட்டப் பழக்குவார். நான் வேலை முடிந்து வர, இடியப்பத்தைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரோடு எங்கள் வீட்டில் ஒருவழியாக ஜேர்மன் ஒழுங்காகப் பேசப்பட்டது. ஆனால் அவர் இருந்த மேசையில் பிள்ளைகள் தமிழ் பேசினால், என்ன சொல்கிறார்கள் என்று விடாமல் கேட்பார். எதற்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டவும் பழகிவிட்டார்.

இலையுதிர் காலத்தில் மகளுக்குக் காப்பகத்தில் எதிர்பாராமல் ஒரு இடம் கிடைத்தது. யாரோ ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனதாம். கடைசி நாளன்று அம்மையார் வழக்கம்போலவே பாத்திரம் துடைத்தார், மகளுக்கு முத்தம் கொடுத்தார். பிறகு கதவடியில் குனிந்து, வீட்டுச் செருப்பை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"ஏன் கொண்டுபோறா?" என்று மகன் என்னைத் தமிழில் கேட்டான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. செருப்பைப் பையிலிருந்து எடுத்து, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று படியிறங்கினார்.