பிள்ளை பிடிக்கிற வேலை

வைத்தியம் பார்ப்பது குழந்தை மருத்துவரின் வேலை. வைத்தியம் வேண்டிய பிள்ளையை அவர் முன்னால் உட்கார வைப்பது என் வேலை. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஓர் அறவாரியத்துக்காக ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன். மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து டாக்டர் மெய் மலையேறி வருவார். அதற்குள் நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, அப்பாக்களிடம் கெஞ்சி, கொழுந்து பறிக்கிற அம்மாக்களுக்கு அரை நாள் லீவு கேட்டுக் கங்காணி முன்னால் நின்று, பிள்ளைகளைச் சேர்த்து வைக்க வேண்டும். தொண்டு என்று வீடு வீடாகக் கதவு தட்டியவர்களுக்கு என் முழங்கால் வலி புரியும்.

இரண்டு கிலோ

ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் கலாவின் இரண்டு வயது மகன் இரண்டு மாதமாக எடை ஏறவேயில்லை. சத்துமாவு கொடுத்தோம், எப்படி ஊட்டுவது என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் மாதம் தராசில் வைத்தால் இரண்டு கிலோ கூடியிருந்தான்! நான் கைதட்டியே விட்டேன். டாக்டர் மட்டும் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். உள்ளே இன்னொரு சட்டை, அதற்கும் உள்ளே இரண்டு ஸ்வெட்டர்.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகும் அரைக் கிலோ நிஜமாகவே ஏறியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் யாரும் திட்டவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன். கலா தலையைக் குனிந்துகொண்டாள்: “போன மாசம் டாக்டர் மொகமே வாடிப் போச்சுக்கா. பாவமா இருந்துச்சு. அதான் கொஞ்சம் சேத்துப் போட்டேன்லா.”

டாக்டரின் தமிழ்

டாக்டர் மெய் என்னிடம் பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார். ஆஸ்துமா உள்ள ஆறு வயதுப் பையன் ஒருவனின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ‘மூச்சை இழு’ என்பதற்குப் பதிலாக, “மீசையை இழு” என்றார். பையன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: “எனக்கு இன்னும் மொளைக்கல டாக்டர்.”

லோரிக்காரர்

சேகர், பிரிஞ்சாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அவருடைய ஐந்து வயது மகள் தர்ஷினியின் நெஞ்சில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை ரொம்ப நேரம் வைத்துக் கேட்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஓட்டை, அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். சேகர் ஒத்துக்கொள்ளவில்லை. “நல்லா ஓடியாடுற பிள்ளை நெஞ்சைக் கிழிக்கணுமா? முடியாதுக்கா.” மூன்று முறை வீட்டுக்குப் போனேன். மூன்றாவது முறை என்னைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

நாலாவது முறை டாக்டரையும் கூட்டிப்போனேன். டாக்டர் வாதாடவில்லை. ஸ்டெதஸ்கோப்பைச் சேகரின் காதில் மாட்டி, மறுமுனையை முதலில் அவர் நெஞ்சிலும் அப்புறம் மகள் நெஞ்சிலும் வைத்தார். சேகர் இன்னொரு தடவை கேட்டார். மகளின் முதுகிலிருந்து கையை எடுக்கவேயில்லை. “என்னுது டக்கு டக்குன்னு ஓடுது. இவளுக்கு பைப்புல ஓட்டை விழுந்தாப்ல உஸ்ஸுங்குது. இப்படி ஒரு லோரிய நான் மலையில எறக்குவேனா? எப்ப போலாம் டாக்டர்?”

செலவை அறவாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அறுவை அறையின் கதவு மூடியதும் என் தைரியமெல்லாம் போய்விட்டது. வேண்டாம் என்றவரை இழுத்து வந்தவள் நான்தானே? ஏதாவது ஆகிவிட்டால்? சாயங்காலம் ‘நல்லபடியா முடிஞ்சது’ என்று வந்து சொன்னபோது சேகரைவிட முந்தி அழுதது நான்.

ஊர் திரும்பிய பிறகு முதல் சோதனை நாள். யாரையும் கேட்காமல் மேசையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார் சேகர். மகள் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். “உஸ்ஸு போயிருச்சு டாக்டர். புது எஞ்சின்.”

பிடிவாதக்காரி

தானா ராத்தாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ராணியின் நாலு வயது மகள் யாழினிக்குப் பிடிவாதக்காரி என்றே பெயர். பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள், பேச்சும் வரவில்லை. டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று ஒரு தகரக் குவளையைக் கீழே போட்டார். நாங்கள் எல்லோரும் துள்ளினோம். யாழினி பொம்மையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், “திமிருன்னு நெனச்சு அடிச்சுட்டேனேக்கா” என்று ராணி அழுதுகொண்டே வந்தாள்.

இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக் கொடுத்து, பேச்சுப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தோம். சில மாதம் கழித்துப் போனபோது யாழினி வாசலில் மழைத்தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ராணி கூப்பிட்டாள். யாழினி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். ராணி சிரித்த சிரிப்பை அந்த லயமே கேட்டிருக்கும்: “காது நல்லா கேக்குதுக்கா. பிடிவாதமும் நெசந்தான்!”

என்னைக் கண்டாலே ஊசி வந்துவிட்டது என்று தலைதெறிக்க ஓடும் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஓடுகிறார்கள் என்பதை அறவாரியத்தின் ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.